சிடி டிரைவ் மாட்டிய வாரம்

28-9-98, திங்கள்

புழுக்கம். மயிலாப்பூர் முழுக்கச் சுண்டல் வாசனை, ஒரு சொட்டு மழை இல்லை.

மஸ்கட்டிலிருந்து இவர் அனுப்பிய சிடி வந்து ஐந்து நாள். ஆபீசில் தன் குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறார். என் கம்ப்யூட்டர், பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை அடிக்க வாங்கியது. பிளாப்பி மட்டும்தான் தின்னும்.

எதிர்வீட்டு மாமியிடம் சிடி போடும் பாட்டுப் பெட்டி உண்டு. "கொண்டு வாயேன், எல்லாருமா கேக்கலாம்." எல்லாருமாவா. தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டிவிடலாமே.

போனில் மூன்று நிமிடம் பேசுவார். இரண்டரை மாமியாருக்கு. மிச்ச அரை நிமிடம், மாமியார் பக்கத்திலேயே நிற்க, "சாப்பிட்டேளா?" "ம்." இரண்டு வருஷமாக எங்கள் தாம்பத்யம் இது.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். மாசியில் ஒப்பந்தம் முடிகிறது. வருகிறாரா, நீட்டிக்கிறாரா? போன வாரம் கேட்டதற்கு, "எல்லாம் சிடில இருக்கு."

29-9, செவ்வாய்

பாடம் நடத்தி முடித்துப் பள்ளி விட்டதும் ரோஸியோடு ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைகள். ரோஸி எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள், சாந்தோம்காரி. சிடி டிரைவ் வாங்கியாச்சு. முன்பக்கத்திலேயே ஹெட்போன் செருக ஓட்டை. அதைப் பார்த்ததும் இதுதான் வேண்டும் என்றேன்.

"இன்னாக்கா, ஸ்பீக்கர் வாணாமா? வூட்ல எல்லாரும் கேப்பாங்களே."

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன்."

ரோஸி ஒரு பார்வை பார்த்தாள். "நாப்பத்தெட்டு வயசுல நல்லாத்தான் கீது உனுக்கு."

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். டப்பாவுக்கா, வயதுக்கா, தெரியவில்லை.

நாளைக் காலை மாட்டுகிறோம்.

30-9, புதன், சரஸ்வதி பூஜை

மாட்டவில்லை. எழுந்து வந்து பார்த்தால் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், தலையில் சாமந்தி. மனையில் புத்தகங்களோடு டிரைவ், சிடி, எல்லாம்.

"இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும்" என்றார் மாமியார்.

"அம்மா, உள்ள இருக்கறது உங்க பிள்ளை."

"அவன் ஒரு நாள் பொறுத்துப்பான்."

ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். அதற்கும் பொட்டு.

ரோஸிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றேன். சுண்டல் நான்கு வீட்டுக்கு. பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுத நினைத்தேன். பேனாவும் பூஜையில்; இது பால்கணக்குப் பென்சிலில்.

இவர் ஊருக்குப் போன அன்று கழற்றிப் போட்ட சட்டையைத் தோய்க்காமல் பீரோவில் வைத்திருந்தேன். போன மாதம் மாமியார் சோப்புப் போட்டுத் தோய்த்து, கஞ்சியும் போட்டுவிட்டார். "ஒரே வியர்வை நாத்தம்டி." நாற்றத்துக்காகத்தான் அம்மா வைத்திருந்தேன். சொல்ல முடியுமா?

1-10, வியாழன், விஜயதசமி

புனர்பூஜை முடிந்து பத்து மணிக்கு ரோஸி. மூடியைக் கழற்றினோம். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. முன்பக்கத் தகட்டைத் தட்டி எடுத்தாள். டிரைவை உள்ளே தள்ளி, பக்கத்துக்கு இரண்டாக நாலு ஸ்க்ரூ. பட்டை ஒயரின் சிவப்பு ஓரம் கரெண்ட் ஒயர் பக்கமாக. "மாத்திச் சொருவுனா வேலை செய்யாதுக்கா."

பொத்தானை அழுத்தியதும் தட்டு நாக்கு நீட்டியது. சிடி உள்ளே போனது. சுற்றியது, முனகியது, நின்றது. மறுபடி. மூன்றாம் முறையும் அதே.

ரோஸி வெளியே எடுத்துத் திருப்பினாள். பளபளக்கும் பக்கத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாருக்கா இதுக்குப் பொட்டு வச்சது?"

மாமியார் குரல் இறங்கிவிட்டது. "கண்ணாடி மாதிரி இருந்துதே. அதுதான் முகமாக்கும்னு நெனச்சேன்."

ரோஸி தண்ணீரில் அலசி, இவருடைய பழைய வேஷ்டியால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒற்றி ஒற்றித் துடைத்தாள். சுற்றியது. ஹெட்போனை ஒரு கணம் காதில் வைத்து, பாடுகிறது என்று தலையாட்டினாள். "நீயே கேளு" என்று கிளம்பிவிட்டாள், காபிகூட இல்லாமல்.

ஹெட்போன் ஒரு தலைக்குத்தான். "சரியா கேக்கறதான்னு பாக்கறேம்மா" என்று முந்திக்கொண்டேன்.

"அம்மா, நமஸ்காரம். முழங்கால் எப்படி இருக்கு? மாத்திரைய நிறுத்தாதே. மாசில வரப் பாக்கறேன்." இப்படியே நாலு நிமிடம். கடைசியில் எனக்கு: "நீ சௌக்யமா?" முடிந்தது. வீடே சுற்றி நிற்பதாக நினைத்துப் பேசியிருக்கிறார், பாவம்.

ஆனால் பதிவை நிறுத்தத் தெரியவில்லை போலிருக்கிறது. நாற்காலி கிறீச். டீ உறிஞ்சும் சத்தம். அதற்காக இருபது வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். யாரோ ஒரு மலையாளி: "வீட்டில் பறஞ்ஞாச்சா சாரே, இன்னும் ரெண்டு வருஷம்னு?"

"இல்ல. கையெழுத்துப் போட்டாச்சுன்னு எப்படிச் சொல்றது? அம்மா அழுவா, அதக்கூடத் தாங்கிக்கலாம். இவ சிரிச்சுண்டே சரிம்பா."

மறுபடி டீ. அப்புறம் வெறும் மூச்சு, நெடுநேரம்.

மாமியார் தோளைத் தொட்டார். "என்னடி சொல்றான்?"

"உங்க முழங்கால விசாரிக்கறார்."

ஹெட்போனை அவருக்கு மாட்டி, முதலிலிருந்து போட்டேன். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. காதில் மாட்டியிருப்பதால் கத்தினார்: "மாசில வரானாம்டி."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் ஆனதும் நிறுத்தினேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."