புருவம் தூக்கியது எனக்கா, கோலுக்கா?

ஜெவாத்,

நேற்று சாப்பிடும்போது இருந்தது மூன்றே பேர். நீ டிவிக்கு நேரே, உன் அக்கா மெலாஹத் ஜன்னலோரம், நான் அடுப்புப் பக்கம். "லீவுக்கு உங்க ஊர் காஷுக்குப் போறப்ப உன் தம்பி ரிஃபத்தையும் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். நீ புருவத்தைத் தூக்கினாய். நம் பக்கத்தில் புருவம் மேலே போனால் 'வேண்டாம்' என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதே நொடியில் டிவியில் கோல் விழுந்தது. கூடவே 'ச்சு' என்று நாக்கைத் தட்டி மறுத்தாயா என்பது அந்தக் கூச்சலில் கேட்கவில்லை.

அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மாமாவை, உங்கள் அப்பாவை, அடக்கம் செய்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. காஷின் பழங்காலக் கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியவர்கள் நீங்கள்! காஷ் விடுதிக்காரி ஓர் அறையா, இரண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அக்காவோ சிரிக்கிறாள். "அவன் பந்தைப் பாத்தான்டி, உன்னை எங்க பாத்தான்? நம்ம துருக்கியில காஷ்னாலே புருவம்தானே, அங்க போறதுக்கும் இவன் புருவத்தைக் கேக்கணுமா?"

பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு ஹாஜெரிடம் கொடு. அக்காவை பர்துர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருகிறேன். அதே ஊரில் இருக்கும் ரிஃபத் நம் போனை எடுப்பதில்லை, அதனால் அவனுக்குக் கடிதம் எழுதி அவளிடம் தருகிறேன். வேண்டாமென்றால் அக்காவுக்குப் போன் செய், கிழித்துவிடுவாள். வாயைத் திறந்து சொல்.

நெர்மின்

பி.கு.: கடிதத்தில் உன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

இன்னொன்று: உன்னை எழுப்பியே கேட்டிருக்கலாம். பதில் தெளிவாகக் கிடைத்துவிடுமோ என்று பயம். உறையை ஒட்டிவிட்டேன். அக்கா பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்குகிறாள்.