அக்காளுக்கு அழுதவர்

ஜூலை 8, செவ்வாய்
நாள் முழுக்கக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண். இவருக்குப் பிசியோதெரபி. இடது கை சற்றுத் தேவலை. டவுன் பஸ்ஸில் ஒருவர் சத்தமாகப் போன் பேச, இவர், “வாய மூடுய்யா.” பக்கவாதம் வருவதற்கு முன் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.
டாக்டர்: “மூளையில முன்பக்கம் அடிபட்டிருக்கும்மா. அடக்கி வைக்கிற வேலை அங்கதான் நடக்குது. இனி மனசுல வர்றது அப்படியே வெளிய வந்துரும்.”
பத்தாம் வகுப்புக்கு நானே படம் வரைந்து, பாகம் குறித்து நடத்தும் பாடம். வீட்டில் பார்ப்பது வேறு.
வாங்க: துவரம்பருப்பு, டார்ச் செல்.

ஜூலை 10, வியாழன்
விடிந்ததும் போன். செம்பட்டியில் இவருடைய அக்கா போய்விட்டார். தாயில்லாத இவரை வளர்த்தவர்.
பந்தலில் ஆண்கள். வீட்டுக்குள் பெண்கள், ஒப்பாரி. இவர் பந்தலில் நிற்கவே இல்லை. நேரே உள்ளே போய்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்தார். மார்பில் அடித்துக்கொண்டு, ராகம் பிசகாமல்:
“என்னப் பெத்த அக்காளே, சோறூட்டுன கையி சும்மா கெடக்குதே…”
யாரும் சொல்லித்தந்ததில்லை. அறுபது வருடம் பந்தலில் உட்கார்ந்து காதில் விழுந்ததுதான். மூளையின் தடை போனபின் வந்த அழுகைக்கும் ஊரின் ராகம்தான்.
கொழுந்தன் முருகேசன் ஓடிவந்தான். “அண்ணே, எந்திரி. ஊரே பாக்குது.” பிறகு என்னிடம், “மதினி, கூட்டிட்டுப் போங்க. ஆம்பள இப்பிடி அழுதா அசிங்கம். மூளை கலங்கிருச்சுன்னு பேசுறாக.”
எனக்கும் வெட்கம்தான். இவர் தோளைப் பிடித்தேன். அதற்குள் அக்கா மகள் செல்வி தள்ளி உட்கார்ந்து இவருக்கு இடம் விட்டாள். “இருக்கட்டும் சின்ன மாமா. எங்கம்மா வளத்த தம்பிக ரெண்டு பேரு. ஒருத்தராச்சும் அழுகட்டும்.”
கையை எடுத்துக்கொண்டேன். முருகேசன் வெளியே போய்த் துண்டால் முகம் துடைத்தான். வியர்வையாகவும் இருக்கலாம்.

ஜூலை 12, சனி
வெயில். கேஸ் வரவில்லை.
இவருக்கு அழுகை நிற்கவில்லை, சாப்பிடும்போதும். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், அழுகையைக் கட்டுப்படுத்துமாம். முருகேசன் போனில், “இன்னைக்கே குடுங்க மதினி. காரியத்துக்கு நாலு பேரு வருவாக.”
சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை அட்டையைத் தண்ணீரோடு நீட்டினேன்.
“என்னது?”
“அழுகை வராம இருக்க.”
அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.
“இன்னும் அக்காளுக்கே அழுது முடியல. பொறவு நம்ம பெரியவன் இருக்கான்.”
எங்கள் மூத்த மகன். பைக் விபத்தில் போய்விட்டவன். அன்று இவர் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.
மாத்திரை அட்டையை நான் பிரிக்கவில்லை.