எறும்புக்கடி

என்னங்க,

காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டேன். எழுப்ப மனசு வரல. ராத்திரி நீங்க சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததுதான் கண்ணுலயே நிக்குது.

இன்னிக்கு சுகர் பார்க்க நீங்களேதான் குத்திக்கணும். நாள் பூரா ஊசியோட பொழைக்கிற தையல்காரர், சொந்த விரல்னு வந்தா கண்ணை மூடிக்கிட்டு என்னைக் கூப்பிடறீங்க. இடது கை மோதிர விரல்ல, நுனியை விட்டுட்டு ஓரமா குத்துங்க. அப்பதான் துணி பிடிக்கறப்போ உறுத்தாது. அப்புறம் மாத்திரை, அப்புறம் சாப்பாடு. மூடி வெச்சிருக்கேன். கடைச் சாவி ஆணியில தொங்குது.

"எறும்பு கடிக்கிற மாதிரிதானே, இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா"ன்னு நேத்து கத்தினேன் இல்ல? காலையில என் விரலைக் குத்திப் பார்த்தேன். எறும்பு இல்லீங்க. நல்லாவே வலிக்குது. இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனா போன வாரத்துக்கு இந்த வாரம் உங்க சுகர் நம்பர் இறங்கியிருக்கு. நர்ஸம்மாவே சொன்னாங்க.

பின்குறிப்பு: உங்களுக்குப் புது ஊசி மாத்தி வெச்சிருக்கேன். சுகர் மெஷின்ல கடைசியா இருக்கிற தொண்ணூத்தாறு என்னோடது. அதைப் பார்த்துட்டு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நேரா பேக்கரிக்குள்ள நுழைஞ்சிடாதீங்க. அந்த நம்பர் உங்களுக்கும் வரட்டும், நானே கூட்டிட்டுப் போய் ஒரு கேக் வாங்கித் தரேன். பாதி எனக்கு.