கண்ணுக்கு இட்ட சுருமா

மிதெல்த், 12 அக்டோபர் 1998

அன்புத் தங்கை கிஸ்லானுக்கு,

ஸலாம். மூன்று மாதத்துக்கு நாலே வரி எழுதியிருக்கிறாய். டீச்சரம்மா காகிதத்தை மிச்சம் பிடிக்கிறாயாக்கும்!

பழைய சுரங்க வாசலில் இந்த வருஷமும் சுருமா மை அரைக்க நல்ல கல் கிடைத்தது, மினுமினுவென்று. ஒலிவக் கொட்டையைக் கருக்கிச் சேர்த்து, மூன்று நாள் அரைத்து, பட்டுத் துணியில் சலித்தேன். குப்பியில் அனுப்பியிருக்கிறேன், உன் மகன் நௌஃபலுக்குப் படுக்கும் முன் இரண்டு கண்ணிலும் இழு. பிறந்த அன்றிலிருந்து விட்டதில்லை, இப்போதும் விடாதே. எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அவன் கண்ணில் என் சுருமா இருந்தால் எனக்கு அது போதும்.

உன் அக்கா ஸுஹூர்

ஸெஃப்ரூ, 3 நவம்பர்

அன்பு அக்கா,

குப்பி வந்தது. நௌஃபல் இந்த வருஷம் என் வகுப்பிலேயே உட்காருகிறான். காலையில் ஒப்பித்ததை மாலையில் கேட்டால் விழிக்கிறான். "பலகையை எடு, கதவைச் சாத்து" என்றால் பலகையை எடுத்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். நேற்று நாற்பது பிள்ளைகள் முன்னால் அறைந்துவிட்டேன்.

"மண்டையில என்ன களிமண்ணா வச்சிருக்க?"

"இப்பத்தான் இருந்துச்சு உம்மா. எங்க போச்சுன்னு தெரியல."

அந்த முகம் நம் தம்பி அல்லாலின் முகம், அக்கா. அவன் தலையில் வாத்தியார் காகிதத்தில் கழுதைக் காது செய்து மாட்டியதும் நாம் இருவரும் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வகுப்புக்குள் போகவே பயமாக இருக்கிறது.

கிஸ்லான்

மிதெல்த், 6 டிசம்பர்

கிஸ்லான்,

என் பிள்ளை மேல் கை வைத்தாயா? உன் கை விளங்குமா?

அல்லாலுக்கு என்ன குறைச்சல்? ஊர்ப் பொது அடுப்பில் சுட்ட ரொட்டியைப் பலகையில் அடுக்கி வீடு வீடாகச் சுமக்கிறான். வீடு மாற்றிக் கொடுப்பான், சிரித்துவிட்டுப் போவார்கள். நம் இரண்டு பேருக்குப் பிறகு வந்த ஒரே ஆண் என்று, நமக்குப் பெருநாளுக்கு மட்டும் போட்ட சுருமாவை அம்மா அவனுக்குத் தினமும் போட்டாள். அப்படியும் கண்பட்டுவிட்டது, என்ன செய்ய? இப்போது எனக்குக் கல் அரைத்துத் தருவதே அவன்தான்.

இன்னொரு குப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஸுஹூர்

ஸெஃப்ரூ, 20 பிப்ரவரி 1999

அக்கா,

இரண்டு மாதமாகக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பிள்ளைகளின் இரத்தம் எடுத்தது. நௌஃபலின் இரத்தத்தில் ஈயம். வளரும் மூளையைத்தான் அது கெடுக்குமாம். டாக்டரம்மா தண்ணீர்க் குழாய், சுவர்ப் பெயின்ட், சமையல் பாத்திரம் எல்லாம் விசாரித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணுல இது யாரு போட்டது?"

"நான்தான்."

உன் பெயரைச் சொல்லவில்லை. மீதிச் சுருமாவை வாங்கிப் போய்ச் சோதித்தார்கள். அந்தக் கல்லே ஈயக் கல்தானாம். நிறுத்தினால் மேலும் கெடாது, போனதில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறாள். ஏழு வருஷம், அக்கா. நீ அரைத்தாய், நான் போட்டேன். களிமண் என்று அறைந்ததும் நானேதான்.

அல்லாலுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். அவனை இனி அரைக்க விடாதே.

கிஸ்லான்

மிதெல்த், 28 மார்ச்

என் கிஸ்லான்,

படித்துவிட்டு ஒரு வாரம் அடுப்பு மூட்டவில்லை. பிறகு கல்லுரலை உடைத்தேன்.

"ஏங்க்கா ஒடைக்கிற? நான் நல்லாத்தானே அரைச்சேன்?" என்று அல்லால் அழுதான்.

இந்தத் தெருவில் பிள்ளை பிறந்த பதினோரு வீட்டுக்கு என் சுருமா போயிருக்கிறது. நேற்று முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். மடியில் குழந்தை, கண்ணெல்லாம் கறுப்பு. "உங்க சுருமாதான் பெரியம்மா, எவ்ளோ அழகா இருக்கான் பாருங்க!" என்றாள் அந்தப் பெண். சொன்னேன். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாள். இன்று இரண்டு வீடு முடிந்தது. ஒருத்தி திட்டினாள், ஒருத்தி அழுதாள்.

அல்லால் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறான். எதற்கு வீடு வீடாகப் போகிறோம் என்று கேட்கிறான். அவன் தலைக்கு என்ன ஆனது, அது அம்மா போட்டதாலும் நான் அரைக்க விட்டதாலும் ஆனது என்று தெருவிலேயே நிறுத்திச் சொல்கிறேன். "அப்படியாக்கா?" என்று என் கண்ணீரைத் துடைத்துவிடுகிறான். அடுத்த வாசல் வருவதற்குள் மறந்துபோய் மறுபடி கேட்கிறான். மறுபடி சொல்கிறேன்.

இன்னும் எட்டு வீடு இருக்கிறது.

ஸுஹூர்