வெந்த வேர்

ஜனவரி 9, திங்கள்

பள்ளிக்கு விடுமுறை. எண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற வேலை இல்லாததால் கை சும்மா இருக்கிறது.

அவர் வேலைக்குப் போன பிறகு, பத்து மணிக்கு மேல் மகள் போமியின் அறைக் கதவு திறந்தது. நான் உள்ளறையில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைக் காட்டினால் உள்ளே போய்விடுவாள். பால்கனியில் அவள் வளர்க்கும் செடிக்கொடிக்குத் தண்ணீர் பீச்சும் சத்தம். அது கேட்டால் எனக்கு அன்றைக்கு நல்ல நாள்.

அரசு வேலைத் தேர்வில் ஐந்தாவது முறை தோற்றபோது சாத்திய கதவு. பதினான்கு மாதம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைக்கிறேன், காலித் தட்டை எடுக்கிறேன். அந்தக் கொடி ஒன்றுக்காகத்தான் அவள் வெளியே வருகிறாள். விரல் நீளத் துண்டாக வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வேர்விட வைத்து, பிறகு தொட்டியில் பாசி சுற்றிய கம்பில் ஏற்றி வளர்த்தாள். அபூர்வமானதாம். இலையில் பச்சையைவிட ஓட்டைதான் அதிகம். "எலி கடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இதுக்கா இந்தச் சீராட்டு?" என்பார் அவர்.

எனக்கு அதன்மேல் பொறாமை இல்லை. — இருக்கிறது. எழுதினால் என்ன.

ஜனவரி 13

புது இலை விரிந்திருக்கிறது. போமி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் முதுகை மட்டும் பார்த்தேன். இளைத்துவிட்டாள்.

ஜனவரி 16

போமிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளாம். கஞ்சியும் மாத்திரையும் வைத்தேன். வெளியே மைனஸ் பதினாறு, பால்கனிக் கண்ணாடியில் உள்பக்கமே பனி பிடித்திருக்கிறது.

மதியம் என் போனுக்குச் செய்தி வந்தது. அடுத்த அறையிலிருந்து!

"அம்மா, செடிய உள்ள எடுத்து வச்சுடு. கம்பு சாயாம தூக்கு."

அம்மா என்று எழுதியிருக்கிறாள். பதினான்கு மாதத்தில் என்னிடம் கேட்ட முதல் உதவி. குழந்தையைத் தூக்குகிற மாதிரித்தான் தூக்கிவந்தேன்.

எங்கே வைப்பது? வீட்டைச் சூடாக்கத் தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் முதலில் நுழைகிற சுவரோரம்தான் வீட்டிலேயே சூடான இடம். மாமியார் இருந்தவரை அது அவருடைய இடம். வீட்டுக்காரர் இரவுப் பணியில் இருந்த காலத்தில் சோற்றுக் கிண்ணத்தை மூடி, சின்ன மெத்தை போர்த்தி, அங்கேதான் வைத்திருப்பேன். தொட்டியையும் அங்கே வைத்து, அதே மெத்தையைச் சுற்றிவிட்டேன். பாய்லரையும் இரண்டு டிகிரி கூட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜனவரி 17

மெத்தைக்குள் கை விட்டுப் பார்த்தேன். கதகதப்பு. போமிக்குக் காய்ச்சல் குறையவில்லை.

ஜனவரி 19

இலைகள் தொங்குகின்றன. தாகமாக இருக்கும் என்று தண்ணீர் ஊற்றினேன். அவளுக்குச் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடப்பவளை ஏன் எழுப்ப வேண்டும்?

ஜனவரி 20

காய்ச்சல் விட்டு எழுந்து வந்தாள். மெத்தையை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டாள்.

"யாரு இங்க வச்சது?"

"நான்தான்... குளிருமேன்னு..."

கொடியை லேசாக இழுத்தாள். அப்படியே கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் பழுப்பு, தொட்டால் தோல் உரிகிறது. அந்த வாசனை எனக்குத் தெரியும். இருபது வருஷமாகச் சமையற்கட்டில் நிற்கிறவள் நான்.

"வேக வச்சுட்டியேம்மா." கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நல்ல தண்டாகப் பார்த்து ஐந்து துண்டு வெட்டி, ஈரப் பாசியில் புதைத்துப் பெட்டியோடு அறைக்குள் கொண்டுபோனாள். இனி பால்கனிக்கு வரவும் அவளுக்குக் காரணம் இல்லை.

ஜனவரி 22

சந்திரப் புத்தாண்டு. இந்த நாளுக்கென்றே வைக்கும் அரிசிப் பிட்டு சூப் வைத்தேன். ஆடை கட்டி அப்படியே திரும்பி வந்தது.

"ஒரு செடிக்குப் போயி இவ்வளவா?" என்றார் அவர். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ — ஆமாங்க, ஒரு செடிதான், அந்த ஒண்ணையும் நான் கொன்னுட்டேன், போதுமா! என்று கத்திவிட்டேன். கதவுக்குப் பின்னால் கேட்டிருக்கும்.

ஜனவரி 25

803-ஆம் வீட்டுக்காரி லிஃப்டில்: "இதுக்கா போமி அம்மா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு!" அவள் பிள்ளைக்கு வங்கியில் வேலை. அவளுக்கு எல்லாம் வாங்கிவிடலாம்.

ஜனவரி 28

இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டேன். இருமினாள். இருமலுக்குச் சந்தோஷப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன்.

மனசு வேறெங்கோ போகிறது. ஐந்து வருஷம் அவளை ஒரு கிண்ணம் கழுவ விட்டேனா? நீ படி, நீ படி. பழம் நறுக்கி மேசைக்கே கொண்டுபோனேன். தோழிகள் கூப்பிட்டபோது, அவ படிக்கிறா என்று நானே போனை வைத்தேன். ஒவ்வொரு முறை தோற்றபோதும் இன்னும் கொஞ்சம் போர்த்திவிட்டேன். அவளுக்கு மூச்சு முட்டுகிறதா என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா?

செத்துப்போகலாம் போல் இருக்கிறது. போனால் இவளுக்குச் சோறு யார் வைப்பது? — பார், இப்போதும் இதே புத்திதான்.

பிப்ரவரி 2

ஒரு தாளில் எழுதிக் கதவிடுக்கில் தள்ளினேன். "பரீட்சை போனாப் போகுதுன்னு நான் ஒரு நாளும் உன்கிட்ட சொல்லல. இப்ப சொல்றேன். செடிக்கும் சேத்து மன்னிச்சுடு."

பிப்ரவரி 6

கதவு திறந்தது. நான் உள்ளறைக்கு ஓடவில்லை. கால் வரவில்லை என்பதுதான் உண்மை. பெட்டியோடு நின்றாள். நான்கு துண்டு கறுத்துவிட்டது. "கத்தரிக்கோல கழுவிக் குடு" என்றாள். கழுவிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்றேன், போ என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 11

ஐந்தாவதும் அழுகிவிட்டது. குளியலறையில் கண்ணாடிப் பெட்டியை அவளே தேய்த்துக் கழுவினாள். இனி ஒன்றும் இல்லை. நாளையிலிருந்து எதற்காகக் கதவைத் திறப்பாள்? அழக்கூட வரவில்லை எனக்கு.

பிப்ரவரி 12, ஞாயிறு

மாலை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம், சோயாப் பருப்புக் குழம்பு. போமி வந்தாள். இடம் எங்கே என்று தேடுகிற மாதிரி ஒரு கணம் நின்று, உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் தொடையைக் கிள்ளினேன். மூடிக்கொண்டார்.

இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றாள்.

எழப் போனேன். பாதி எழுந்தும்விட்டேன். அப்புறம் உட்கார்ந்துகொண்டேன். அவளே எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். எந்த அலமாரி என்று மறந்துவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் சொல்லவில்லை. சோற்றைப் பார்த்தபடி இருந்தேன். உப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.