ஜோசையா பென்வார்டனின் மகன்

நெல்சன்
14 ஜூலை 1974

அன்பு மகள் ஃபிலிப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளை டெனிஸும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. இங்கே இப்போது குளிர்காலம், ஒரு வாரமாக மழை, ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்யும் வேலை பாதியில் நிற்கிறது, அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ கடிதம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. காரணம் எனக்குத் தெரியும், அங்கேதான் வருகிறேன்.

இந்த ஊர் உருவான நாளில் வந்திறங்கிய முதல் வக்கீல் என்று என் கொள்ளுத்தாத்தா ஜோசையா பென்வார்டனுக்கு நீதிமன்றச் சுவரில் கல் பதிக்கப் போகிறார்கள், குடும்ப வரலாறு ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். உன் வினிஃப்ரெட் அத்தையைத் தெரியுமே, "நம்ம ரத்தம் வக்கீல் ரத்தம், சும்மா நாலு வரி கிறுக்கிக் குடுத்துடாதே, போய்த் தோண்டு" என்று என்னைத் துரத்திவிட்டாள். நானும் நாலு வியாழக்கிழமை ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே வேலை பார்க்கும் மெரே என்ற பெண்தான் பழைய ஏடுகளை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் அவளே, "ஐயா, உங்க ஆளு கல்யாணமே பண்ணிக்கலையே, மகன் எங்கிருந்து வந்தாரு?" என்று கேட்டாள். இங்கே வந்த கப்பலில் மனைவி இறந்துபோனாள் என்றுதானே நமக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்? 1842ஆம் வருடத்துக் கப்பல் பட்டியலில் அவர் வயது இருபத்தொன்பது, தனி ஆள் என்று இருக்கிறது. அதே கப்பலில் ஆன் கெட்டில் என்ற தையல்காரி, துணை யாரும் இல்லாதவள், பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் காய்ச்சலில் இறந்திருக்கிறாள். ஆண் குழந்தையை வக்கீல் பென்வார்டன் எடுத்துக்கொண்டார் என்று கப்பல் மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தைதான் என் தாத்தா சாமுவேல்.

கடைசி வாரம் ஜோசையாவின் உயில் கிடைத்தது. தத்தெடுக்க அப்போது சட்டமே கிடையாது, தாய்நாட்டில், கார்ன்வாலில் இருந்த தம்பி சொத்துக்கு வழக்குப் போடுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் இப்படி எழுதியிருக்கிறார்: "சாமுவேல் என் இரத்தம் அல்ல என்று எவரும் நிரூபிக்கச் சிரமப்பட வேண்டாம், அதை நானே சொல்லிவிடுகிறேன். அவன் என் மகன்." படித்ததும் உன் நினைவுதான் வந்தது. ஏப்ரலில் நீ எத்தனை சந்தோஷமாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, மரீசாவைத் தத்தெடுத்துவிட்டோம் அப்பா என்று சொன்னாய், நானோ, "யார் பெற்றதோ, என்ன ரத்தமோ" என்று கேட்டேன். நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். உன்னிடம் அப்படிக் கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது, மகளே. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை. தெரியாவிட்டாலும் அது தப்புதான். என்னை மன்னித்துவிடு.

அத்தையிடம் சொன்னபோது, "அந்தக் காகிதத்தை அங்கேயே மூடி வை, ஊரே சிரிக்கும்" என்று கத்தினாள். உயிலின் நகலை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழிந்தது. நேற்று மழையில் நனைந்துகொண்டே வந்து நின்று, "அந்தப் பொண்ணு ஆன் பேரை விட்டுட்டா எப்படி? பெத்தவ அவதானே? முதல்ல அதைப் போடு" என்று என்னையே அதட்டினாள். அம்மா சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆன் கெட்டிலில் தொடங்கி உன் பெயர் வரைக்கும், உன் பெயருக்குக் கீழே மரீசா.

அங்கே வெயில் காலம், குழந்தையை ஏரிப்பக்கம் தனியாக விடாதே. மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், கடவுள் துணையிருக்கட்டும். அவள் பிறந்த தேதியை மறக்காமல் எழுதி அனுப்பு, அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவும் மரீசாவின் தாத்தாவுமான
ஹியூ பென்வார்டன்