நாலாவது ஸ்குரு

மாகறல்,
18-3-1983

அன்புள்ள தாண்டவராயனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை கனகாவும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மலர்க்கொடியும் குழந்தையும் அதேபோல் சுகமாக இருக்க மாகறல் ஈசனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒத்தடம் கொடுக்கச் சொல், எடுத்ததற்கெல்லாம் ஊசி போட ஓடவேண்டாம்.

நிலத்தைப் பெரியப்பா மகன் முத்துகிருஷ்ணனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிடு, நைனா போன பிறகு அந்தக் கிணற்று எஞ்சினோடு உனக்கு எதற்கு மல்லுக்கட்டு என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே எஞ்சின் நின்றுவிட்டது. அண்ணன் கண்ணு வெச்சிட்டான் என்று கனகா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நவரைப் பயிர் பால் பிடிக்கிற நேரம், செய்யாற்றில் மணல்தான் தெரிகிறது, கிணற்றுத் தண்ணீர் ஏறாவிட்டால் அத்தனையும் பதராகிவிடும். உத்திரமேரூர் போய் மெக்கானிக் தாமோதரனைக் கையோடு அழைத்து வந்தேன். டீசல் வடிகட்டி அடைத்திருக்கிறது, கழற்றிக் கழுவினால் போதும் என்றான். வடிகட்டியின் மூடியில் நாலு ஸ்குரு இருக்கிறதே, அங்கேதான் வந்தது வினை. ஒன்றும் அசையவில்லை, திருப்புளி வழுக்கி வழுக்கி நாலாவது ஸ்குருவின் தலையில் இருக்கும் வெட்டே மழுங்கிப்போனது. அவனுக்கு வெயில், பசி, இன்னும் பல ஊரில் எஞ்சின்கள் காத்திருக்கின்றன, உளியை எடுத்துவிட்டான். தலைய வெட்டி எட்த்துடலாம்மா, மூடி ஒடஞ்சா மெட்ராஸ்ல சொல்லி வாங்கிக்கலாம், ஒரு வாரம் ஆவும் என்றான். ஒரு வாரம் கழித்து மூடியை வைத்து நான் என்ன செய்வது. இன்னாடா பேசற, மூக்குத்தி திருகு மாட்டிக்கினா மூக்கையா அறுப்பாங்க, உளிய கீழ வை என்றேன். கோபித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முத்துகிருஷ்ணன், இன்னாத்துக்கு சித்தி இந்த பேஜாரு, நாளைக்கி வரேன், குத்தகைய பேசி முட்ச்சிக்கலாம் என்றான். அவன் சொன்ன அந்த நாளைக்குள் தண்ணீர் பாய்ச்சிக் காட்டுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து நம் வீட்டுத் திருப்புளியை வைத்துப் பார்த்தேன். நுனியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. துரு என்று நினைத்து மோந்து பார்த்தால் சந்தன வாசனை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கனகா ஒவ்வொரு ஸ்குருவின் தலையிலும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைக்கிறாளே, யாரும் துடைத்ததில்லை, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. வெட்டு முழுக்கக் கல்லாக இறுகிக் கிடக்கிறது, திருப்புளி இரும்பில் உட்காராமல் பொட்டின் மேல் உட்கார்ந்தால் வழுக்காமல் என்ன செய்யும். கோணி ஊசியால் சுரண்ட ஆரம்பித்தேன். சாமி குத்தம்மா என்று கனகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பயிரைக் காயவிடுவதுதான் பெரிய குற்றம் என்று நான் விடவில்லை. பிறகு அவளுடைய மூக்குத்தி திருகு இறுகிக்கொண்டபோது செய்த அதே வைத்தியம்தான். ஸ்குருவைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தேன், சுத்தியால் தலையில் லேசாகத் தட்டினேன், வெந்நீரில் நனைத்த துணியை மூடிமேல் போட்டேன். நெருப்புக் காட்டவில்லை, பக்கத்திலேயே டீசல். வெட்டு முழுக்க நிறைகிற திருப்புளியாகப் பார்த்து எடுத்து, நான் இரண்டு கையாலும் மேலிருந்து அழுத்திக்கொள்ள, கனகா குறடால் அதன் தண்டைப் பிடித்து முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம், பிறகு எதிர்ப்பக்கம் திருப்பியதும் கழன்றுவிட்டது. மற்ற இரண்டும் அப்படியே வந்தன. மழுங்கிய நாலாவது மட்டும் வரமாட்டேன் என்றது. உன் பழைய பெட்டியில் இருந்த, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடால் அதன் வெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தி, மறுபடி மண்ணெண்ணெய் விட்டு விடியும்வரை ஊறவிட்டோம். காலையில் அதுவும் வந்தது. மூடியில் ஒரு கீறல்கூட இல்லை.

வடிகட்டிக்குள் அத்தனையும் சேறு. கழுவிப் போட்டு நானும் கனகாவும் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றினோம், புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. முத்துகிருஷ்ணன் சலவை வேட்டியோடு வந்தான், வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. குத்தகையும் கெடயாது ஒண்ணும் கெடயாது, வந்ததுக்கு நாஷ்டா துன்னுட்டுப் போ என்றேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அதனால் நிலத்தை யாருக்கும் விடுவதாக இல்லை, நீ வருத்தப்படாதே. அறுப்பு முடிந்ததும் புது அரிசியோடு வந்து குழந்தையைப் பார்ப்பேன், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று, மூடி தளர்ந்து டீசல் கசிந்து அம்மா தனியாகத் திண்டாடக்கூடாது என்று காலை ஊன்றிக்கொண்டு அந்த நாலாவது ஸ்குருவை முறுக்கினாயாமே, கனகா இப்போதுதான் சொல்கிறாள். பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் அதைக் கழற்றப்போகிறவள் நான், அதனால் எண்ணெய் தடவி என் கைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் இறுக்கியிருக்கிறேன். இந்த வருஷம் பூஜைக்குப் பொட்டு எஞ்சின் வயிற்றில்தான், ஸ்குருவுக்குக் கிடையாது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய், ஊருக்கு வரும்போது நல்ல திருப்புளி ஒன்று வாங்கி வா. உன் கைக்கு வைத்துப் பார்க்காதே, மலர்க்கொடியின் கைக்கு அடங்குகிற பிடியாகப் பார்த்து வாங்கு, அதுதான் எனக்குச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லம்மாள்